லித்தாப்ஸ்: தண்ணீரை எப்போது நிறுத்துவது?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இவ்வளவுதான். மதுரையில் மாடித் தோட்டம் வைத்திருக்கிறீர்கள். ஜனவரியில் இணையத்தில், கூழாங்கல் போலவே தோற்றமளிக்கும் லித்தாப்ஸ் செடிகள் ஐந்து வரவழைத்தீர்கள். சக்குலண்ட், அதாவது சதைப்பற்றுச் செடிதானே என்று வாரம் ஒருமுறை மட்டும் தண்ணீர் விட்டீர்கள். மார்ச் முடிவதற்குள் இரண்டு செடி கூழாகிவிட்டது. மூன்றாவதில் பழைய இலைக்கு மேல் புது இலை, அதற்கும் மேல் இன்னொன்று என்று அடுக்கி நிற்கிறது. மற்ற இரண்டும் சுருங்கிக் கிடக்கின்றன. எங்கே தப்பு, மீதியைக் காப்பாற்ற முடியுமா, இந்தக் கல் போன்ற செடிகளை முறையாகச் சேகரிக்க எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

தப்பு தண்ணீரின் அளவில் இல்லை, மாதத்தில்தான். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை லித்தாப்ஸுக்கு நீங்கள் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட விட வேண்டியதில்லை. அந்த மாதங்களில் அது தனக்கு வேண்டிய தண்ணீரைத் தன் பழைய இலையிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. நீங்கள் வேர் வழியாக இன்னொரு பங்கு கொடுத்ததும் செடிக்கு அதை வைக்க இடமில்லாமல் போய்விட்டது. நான் கோயம்புத்தூரில் பதினான்கு வருடமாக இவற்றை வளர்க்கிறேன். முதல் மூன்று வருடத்தில் நான் இழந்த செடிகளில் பெரும்பாலானவை இப்படித்தான் போயின. அதனால் இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இது புரிந்துவிட்டால் மண், தொட்டி, வெயில் எல்லாம் பின்னாலேயே வந்துவிடும்.

ஒரு லித்தாப்ஸ் தலை என்பது இரண்டே இரண்டு இலை. அடியில் ஒட்டி, மேலே நடுவில் மட்டும் ஒரு பிளவோடு நிற்கும். தண்டு என்று கண்ணுக்குத் தெரியும்படி ஒன்றும் கிடையாது. வளர்நுனி அந்தப் பிளவின் அடியில் ஒளிந்திருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை அந்த இடத்திலிருந்து ஒரு புது ஜோடி இலை உருவாகும். பழைய பிளவுக்குக் குறுக்கே புதிய பிளவு இருக்கும்படி அது திரும்பி நிற்கும். அது வளர வளர, பழைய ஜோடியில் இருக்கும் நீரும் சத்தும் அதற்குள் இறங்கும். முளைக்கும் பயறு தன் பருப்பையே தின்று வளர்வதைப் பார்த்திருப்பீர்கள். அதே கணக்குதான். கடைசியில் பழைய இலை காகிதச் சருகாகி, புது இலையின் இடுப்பில் ஒட்டிக்கொண்டு நிற்கும்.

ஒருமுறை வேர்ப்பக்கம் அழுகத் தொடங்கிய ஒரு செடியைச் சவரப் பிளேடால் மேலிருந்து கீழாக நேர்பாதியாக வெட்டிப் பார்த்தேன். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு இந்தச் செடி விளங்கியது. மேல்தோலுக்குக் கீழே பச்சையே இல்லை. நுங்கு போலத் தெளிந்த, நீர் நிறைந்த சதை. பச்சையம் எல்லாம் பக்கச் சுவரின் உட்புறத்தில், பாத்திரத்துக்கு உள்ளே வண்ணம் பூசியது போல மெல்லிய பூச்சாக அடிவரை இறங்கியிருந்தது. மேலே நாம் கல்லின் கோடு, புள்ளி என்று ரசிக்கும் கருமையான பகுதிகள்தான் ஜன்னல்கள். வெயில் அந்த ஜன்னல் வழியாக உள்ளே நுழைந்து, நுங்கு போன்ற சதையைக் கடந்து, மண்ணுக்குள் இருக்கும் பச்சைச் சுவரைத் தொடுகிறது. ஒரே இலையின் மேற்பகுதி கடும் வெயிலுக்கும், மண்ணுக்குள் இருக்கும் பகுதி நிழலுக்கும் ஏற்றபடி வேலை செய்கிறது என்று 2013-ல் ஆக்காம்பியை என்ற லித்தாப்ஸ் இனத்தை வைத்துச் செய்த ஆய்வொன்று காட்டியது. நான் வெட்டிய செடியின் நடு அடியில் எள் அளவுக்கு ஒரு சின்ன ஜோடி இலை உட்கார்ந்திருந்தது. அடுத்த வருடத்துச் செடி அது. அது மாசி மாதம்.

இப்போது உங்கள் செடிகளுக்கு வருவோம். அந்த மாதத்தில் தண்ணீர் விட்டால் இரண்டில் ஒன்று நடக்கும். பழைய இலை காய மறுக்கும். புது இலை அதைப் பிளந்துகொண்டு வரும். இரண்டும் கொழுத்து நிற்கும். அடுத்த வருடமும் இதே நடந்தால் மூன்றடுக்கு. உங்கள் மூன்றாவது செடியின் நிலை இதுதான். ஆனால் அந்த அடுக்கு முழுவதும் உங்கள் கையில் வந்திருக்க வாய்ப்பில்லை, இரண்டு மாதத்தில் அவ்வளவு வராது. விற்றவர் தோட்டத்திலேயே பழக்கம் கெட்டு வந்த செடி அது. இரண்டாவதாக நடக்கக்கூடியது, நீர் கொள்ள முடியாமல் இலைத் திசு வெடித்து அழுகுவது. அப்படி அழுகத் தொடங்கிய லித்தாப்ஸை மீட்பது பெரும்பாலும் நடக்காது. கூழான அந்த இரண்டையும் மண்ணோடு எடுத்துத் தூரப் போட்டுவிடுங்கள். அந்த மண்ணை வேறு தொட்டிக்குப் பயன்படுத்த வேண்டாம்.

மீதி மூன்றுக்கும் இன்றிலிருந்து தண்ணீர் நிறுத்தம். சுருங்கிக் கிடக்கும் இரண்டையும் பார்த்துப் பயப்படாதீர்கள், பழைய இலை சுருங்குவது நல்ல அறிகுறி. விரலால் உரித்துவிட வேண்டும் என்று கை பரபரக்கும். உரிக்க வேண்டாம், புது இலையின் தோலும் சேர்ந்து கிழிந்துவிடும். அடுக்கி நிற்கும் செடிக்குப் பொறுமை இன்னும் அதிகம் வேண்டும். அடிமட்ட ஜோடி முழுவதும் சருகாக ஜூலைகூட ஆகலாம். அதுவரை நிழல்வலையின் கீழ், காற்றோட்டமான இடத்தில் அப்படியே விட்டுவிடுங்கள்.

லித்தாப்ஸின் ஊர் தென்னாப்பிரிக்காவும் நமீபியாவும், போட்ஸ்வானாவில் கொஞ்சம். பெரும்பாலான இனங்கள் ஆண்டுக்கு 500 மில்லிமீட்டருக்கும் குறைந்த மழையில் வாழ்கின்றன. நமீபியாவில் லூடரிட்ஸை ஒட்டிய கடலோரப் பாலைவனத்தில் வளரும் ஆப்டிகா இனத்துக்கு 20 மில்லிமீட்டர்கூட உறுதியில்லை. கடல்மூட்டம் கொண்டுவரும் ஈரம்தான் அதற்கு ஆதாரம். கடும் கோடையில் உடம்பு சுருங்கி மண்மட்டத்துக்குக் கீழே இறங்கிவிடும். மேலே மணல் மூடிக்கொள்ளும். பகலில் அந்த இடங்களும் கொதிக்கும்தான். ஆனால் இரவில் குளிர்ந்துவிடும். இந்தச் செடி பகலில் இலைத்துளைகளை மூடிவைத்து, இரவில் திறந்து மூச்சு வாங்குகிற வகை. இரவு குளிர்ந்தால்தான் அதற்கு வேலை ஓடும். மதுரையில் மே மாதத்து இரவு எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். நம் ஊரில் லித்தாப்ஸுக்குப் பகல் வெயிலைவிட இரவுப் புழுக்கம்தான் பெரிய சோதனை. அந்த நேரத்தில் செடி வேலை நிறுத்தத்தில் இருக்கும். அப்போது வேர் ஈரமாக இருந்தால் அழுகல் நிச்சயம்.

ஒரு சின்னத் தகவல். நம் வயலிலும் வெறுந்தரையிலும் களையாகப் படரும் சாரணைக் கீரை இதே குடும்பம். மழை விட்ட ஒரு வாரத்தில் தரையை மூடிவிடும் அந்தக் கீரையும், வருடத்துக்கு ஒரே ஜோடி இலை விடும் இந்தக் கல்லும் உறவு என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

சரி, நம் சமவெளிக்கு என் கையில் ஒத்துவந்த வருடக் கணக்கு இது. டிசம்பர் தொடக்கத்தில் தண்ணீரை நிறுத்துவேன். ஜனவரி, பிப்ரவரியில் பிளவு விரியத் தொடங்கும்; உள்ளே புது இலையின் முகம் தெரியும். ஏப்ரல் வாக்கில் பழைய இலை காய்ந்துவிடும். மே மாதம் ஓய்வு. புது இலை ரொம்பவும் சுருங்கினால் மட்டும் மூன்று வாரத்துக்கு ஒருமுறை, பொழுது சாய்ந்த பிறகு, தொட்டி ஓரமாக இரண்டு தேக்கரண்டித் தண்ணீர். தென்மேற்குப் பருவக்காற்று வந்து மேகம் கட்டி, இரவு குளிர ஆரம்பித்ததும் செடி விழித்துக்கொள்ளும். கோவையில் ஜூன் கடைசியிலேயே அந்தக் காற்று வந்துவிடும். மதுரையில் நீங்கள் ஆடிக்காற்று வரை காத்திருக்கலாம். அப்போதிருந்து நவம்பர் வரை பதினைந்து இருபது நாளுக்கு ஒருமுறை, அடியில் வழிந்தோடும் வரை முழுசாகத் தண்ணீர் விடுவேன். ஒவ்வொரு முறையும் மண் அடிவரை காய்ந்த பிறகுதான் அடுத்தது. கூட்டிப் பார்த்தால் வருடத்துக்கு எட்டு, பத்து முறைக்கு மேல் போகாது. அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பதைவிட, அரிதாக நிறைய விடுவதுதான் வேருக்கு நல்லது. தெளித்த தண்ணீர் மேல் மண்ணோடு நின்றுவிடும். ஆணிவேர் கீழே காய்ந்து கிடக்கும்.

நாள் கணக்கைவிடச் செடியைத் தொட்டுப் பார்ப்பது மேல். பக்கவாட்டில் மெல்ல அழுத்துங்கள். கல் போல இறுக்கமாக இருந்தால் வயிறு நிறைந்திருக்கிறது. பக்கத்தில் நெடுக்குச் சுருக்கம் விழுந்து, கொஞ்சம் தளர்ந்திருந்தால் வளரும் பருவத்தில் தண்ணீர் கேட்கிறது என்று அர்த்தம். அதே சுருக்கம் பிப்ரவரியில் வந்தால் கேட்கவில்லை. சந்தேகமாக இருந்தால் ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள். தண்ணீர் குறைந்து செத்த லித்தாப்ஸை நான் மிகக் குறைவாகத்தான் பார்த்திருக்கிறேன்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழைதான் நம் ஊரில் இன்னொரு ஆபத்து. பூக்கிற காலமும் அதுவே என்பதால் தண்ணீரை மொத்தமாக நிறுத்தவும் முடியாது. மழை நேரடியாகப் படாதபடி மேலே பாலிகார்பனேட் தகடோ, தடித்த பாலித்தீன் கூரையோ வேண்டும். நான்கு பக்கமும் காற்றுக்குத் திறந்திருக்க வேண்டும். ஒரு நவம்பரில் நான் வெளியூர் போயிருந்தபோது காற்றில் தார்ப்பாய் பறந்து, இரண்டு நாள் மழை முழுவதும் செடிகள் மேல் கொட்டியது. திரும்பி வந்து பார்த்தபோது எல்லாம் பளபளவென்று கொழுகொழுவென்று அழகாக இருந்தன. அடுத்த பத்து நாளில் முப்பது செடிக்கு மேல் வெடித்துப் போயின. அதற்குப் பிறகு இரும்புச் சட்டத்தில் தகடு போட்டுத் திருகி முடுக்கிவிட்டேன்.

மண் விஷயத்தில் கடையில் விற்கும் சக்குலண்ட் கலவையை நம்ப வேண்டாம். பெரும்பாலும் அது தேங்காய் நார்த்தூள். ஈரத்தை நாள்கணக்கில் பிடித்துவைக்கும். ஒருமுறை முழுசாகக் காய்ந்துவிட்டால் பிறகு தண்ணீரை உள்ளே விடாது. இரண்டும் கெடுதல். நான் பயன்படுத்துவது உடைந்த நாட்டுச் செங்கல். கட்டட வேலை நடக்கிற இடத்தில் சும்மாவே கிடைக்கும். சுத்தியலால் தட்டி, மூன்றிலிருந்து ஐந்து மில்லிமீட்டர் வரை இருக்கும் துண்டுகளைச் சல்லடையில் பிரித்து, தூள் போகக் கழுவிக் காயவைத்துக்கொள்வேன். இது மூன்று பங்கு, பெர்லைட்டோ பியூமிஸோ (இரண்டும் இலேசான, துளையுள்ள எரிமலைக் கல் வகை) ஒரு பங்கு, பருமணல் ஒரு பங்கு, நன்றாக மட்கிய இலையுரம் அரைப் பங்கு. எம்-சாண்ட் போட்டால் அதிலுள்ள மாவு இறங்கி, தொட்டி அடியில் சிமெண்டு போல இறுகிவிடும். வேறு வழியில்லை என்றால் பத்துத் தண்ணீரில் கழுவிவிட்டுப் போடுங்கள். உரம் என்று தனியாக எதுவும் தேவையில்லை.

ஆணிவேர் நீளமாகப் போகும் செடி என்பதால் தொட்டிக்கு அகலத்தைவிட ஆழம் முக்கியம். பத்து சென்டிமீட்டர் ஆழமாவது இருக்கட்டும். காட்டில் அது மண்ணுக்குள் புதைந்து கிடக்கிறதே என்று நாமும் புதைக்கக் கூடாது. நம் காற்றின் ஈரத்துக்குக் கழுத்து அழுகிவிடும். வேர் தொடங்கும் இடம் மண்மட்டத்தில் இருக்கட்டும், உடம்பைச் சுற்றி ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்குச் சின்னக் கற்கள் பரப்புங்கள். கழுத்து காய்ந்தே இருக்கும், பார்வைக்கும் அழகு.

வெயில் காலை நான்கு ஐந்து மணி நேரம் நேராகப் படட்டும். பதினொரு மணிக்கு மேல் நிழல்வலை. வெயில் போதாத செடி உயரமாக நீண்டு, மேல்முகத்தின் வடிவம் மங்கிவிடும். தபாலில் வந்த செடியை அன்றே மொட்டை வெயிலில் வைத்தால் வெந்துவிடும். வந்த செடி பல நாள் இருட்டில் இருந்திருக்கிறது என்பதை நினைத்துக்கொண்டு மூன்று வாரத்தில் படிப்படியாகப் பழக்குங்கள். அப்புறம், மாவுப்பூச்சி. பிளவுக்குள்ளும் சருகுக்கு அடியிலும் வேரிலும் ஒளியும். காரணமில்லாமல் செடி சோர்ந்தால் தொட்டியைக் கவிழ்த்து வேரைப் பாருங்கள், வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருந்தால் அதுதான். கோடையில் மைனாவும் அணிலும் தண்ணீருக்காக இதைக் கொத்திக் கடித்துவிடும். ஒரு கம்பிவலை போட்டுவிட்டால் தீர்ந்தது.

இனி சேகரிப்பு. நீங்கள் கேட்டதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

1811-ல் வில்லியம் பர்ச்செல் என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர் தென்னாப்பிரிக்காவின் உட்பகுதியில், இன்றைய பிரீஸ்கா ஊர்ப் பக்கம் போய்க்கொண்டிருந்தபோது தரையில் விசித்திரமாக இருந்த ஒரு கூழாங்கல்லைக் கையில் எடுத்தார். எடுத்த பிறகுதான் அது செடி என்று தெரிந்தது. லித்தாப்ஸைப் பற்றிய முதல் எழுத்துப் பதிவு அதுதான். அது ஒரு தனிப் பேரினம் என்று பிரித்து, கிரேக்கத்தில் ‘கல் முகம்’ என்று பொருள்படும் லித்தாப்ஸ் என்ற பெயரை 1922-ல் வைத்தவர் லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்தின் என்.இ. பிரவுன். அந்த ஊர் மக்கள் ஆப்பிரிகான்ஸ் மொழியில் இதை மாட்டுக் குளம்பு என்றே சொல்கிறார்கள். பிளந்த குளம்பு மண்ணில் பதிந்தது போலத்தானே இருக்கிறது.

இன்று ஏற்றுக்கொள்ளப்பட்ட இனங்கள் நாற்பதுக்குள்தான். ஆனால் சேகரிப்பவர்கள் நாற்பதோடு நிறுத்துவதில்லை. அதற்குக் காரணம் ஒரு மொழியியல் பேராசிரியர். டெஸ்மண்ட் கோல், ஜோகன்னஸ்பர்க்கில் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தில் பாண்டு மொழிகள் கற்பித்தவர்; செட்ஸ்வானா மொழிக்கு இலக்கணம் எழுதியவர். அவரும் மனைவி நாரீனும் பல்லாண்டுகள் தென்னாப்பிரிக்கா, நமீபியா முழுக்கச் சுற்றி, லித்தாப்ஸ் கூட்டம் வாழும் இடங்களை ஒவ்வொன்றாகப் பதிந்து எண் கொடுத்தார்கள். ஏறத்தாழ 400 இடங்கள். 1988-ல் கோல் அதை நூலாகவும் வெளியிட்டார். உலகம் முழுவதும் இன்று லித்தாப்ஸ் விதைப் பொட்டலத்தில் இருக்கும் ‘கோல் எண்’ அவர்கள் கொடுத்ததுதான். நாரீனின் பெயரில் ஓர் இனமே இருக்கிறது.

ஒரு மொழியியலாளர் இதைச் செய்தார் என்பது எனக்குத் தற்செயலாகப் படவில்லை. கோவைத் தமிழும் நெல்லைத் தமிழும் ஒரே மொழிதான். ஆனால் காதில் விழுந்ததும் ஆள் எந்த ஊர் என்று சொல்லிவிடலாம். லித்தாப்ஸும் அப்படித்தான். ஒரே கராஸ்மொண்டானா இனம் ஒரு குன்றில் சாம்பல் நிறம், இன்னொரு குன்றில் செங்கல் நிறக் கோடுகளோடு இருக்கும். அந்தந்தத் தரையின் கல் எந்த நிறமோ அதுதான் செடியின் நிறம். ஆக்காம்பியை இரும்புச்சத்து மிகுந்த செம்பழுப்புக் கற்களுக்கு நடுவே வாழ்வதால் துருவின் நிறம். நமீபியாவின் கிராசிலிடெலினியாட்டா வெளிறிய கற்களுக்கு நடுவே, வெண்மையான முகத்தில் மெல்லிய வெடிப்புக் கோடுகளோடு இருக்கும். பெயர்ச்சீட்டு தொலைந்துபோன லித்தாப்ஸ் ஊர் தெரியாத ஆள் மாதிரி. அழகு குறையாது, ஆனால் அது எந்தக் கல்லின் நகல் என்று இனி யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால் முதல் நாளிலிருந்தே ஒவ்வொரு தொட்டியிலும் இனத்தின் பெயர், கோல் எண் இருந்தால் அது, விதைத்த தேதி மூன்றையும் பென்சிலால் எழுதிச் செருகுங்கள். பேனா மை நம் வெயிலில் ஒரு வருடத்தில் வெளுத்துவிடும்.

எதில் தொடங்குவது? மதுரைக்கு என் பரிந்துரை லெஸ்லியை, ஆக்காம்பியை, சாலிகோலா மூன்றும்தான். லெஸ்லியை ஜோகன்னஸ்பர்க் பக்கத்துப் புல்வெளிகளிலும் வளர்வது. கோடை மழையை ஓரளவு நன்றாகவே பார்த்த இனம். நம் கை தவறினாலும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். சாலிகோலா உப்புப் பள்ளங்களின் ஓரத்தில் வளர்வது; அவ்வப்போது நீர் தேங்கும் இடம் என்பதால் அதுவும் தாங்கும். ஆப்டிகாவின் சிவப்பு வகை படத்தில் மாணிக்கம் போல இருக்கும், எல்லோரும் அதைத்தான் முதலில் வாங்குவார்கள். மூட்டத்தில் வாழ்ந்த செடி அது. நான் ஐந்து முறை வாங்கி ஐந்து முறை இழந்த பிறகு, விதையிலிருந்து வளர்த்த ஒன்றுதான் நின்றிருக்கிறது. அதை நான்காம் வருடத்துக்குத் தள்ளிவையுங்கள்.

லித்தாப்ஸுக்கு வெளியே போனால் பட்டியல் நீளும், சிலவற்றை மட்டும் சொல்கிறேன். பிளியோஸ்பைலோஸ் நெலீ, உடைந்த கருங்கல் துண்டு போல உருண்டு பெரிதாக இருக்கும். தொடக்கத்துக்கு நல்லது, ஆனால் மூன்று ஜோடி இலை ஒரே சமயத்தில் நின்றால் தண்ணீர் அதிகம் என்று அர்த்தம். டைட்டனாப்சிஸ் கல்கேரியா, சுண்ணாம்புக் கல்லின் சொரசொரப்பை இலைநுனியில் அப்படியே வைத்திருக்கும். ஆர்ஜிரோடெர்மா, தென்னாப்பிரிக்காவின் கினெர்ஸ்பிளாக்டே வெண்படிகத் தரையில் வெள்ளிக் கூழாங்கல்லாகக் கிடப்பது. கோனோஃபைட்டம் நூற்றுக்கு மேற்பட்ட இனங்கள் கொண்ட பேரினம், பட்டாணி அளவில்கூட இருக்கும். பார்த்தால் விடமாட்டீர்கள். ஆனால் அது குளிர்காலத்தில் வளர்ந்து கோடை முழுவதும் சருகுக்குள் தூங்குகிற செடி. நீலகிரியிலோ கொடைக்கானலிலோ இருப்பவர்கள் வளர்க்கட்டும். மதுரைக்கு வேண்டாம்.

உங்கள் ஊர் வெப்பத்தையே விரும்புகிற கல் ஒன்று இருக்கிறது: சோமாலியாவின் சூடோலித்தோஸ். பச்சைத் தோல் முழுக்க மேடுபள்ளமாக, பாசி படிந்த பாறைத்துண்டு போல இருக்கும். உடம்பின் மேலேயே பூத்து, ஈயை வரவழைக்க அழுகல் வாடை விடும். நம் மலைகளில் துவையலுக்குப் பறிக்கிற கல்லிமுளையானுக்கு நெருங்கிய உறவு. லித்தாப்ஸ் இரண்டு வருடம் தாக்குப்பிடித்த பிறகு இதற்குப் போகலாம்.

வாங்குவதைப் பற்றி நான் கண்டிப்பாகவே சொல்ல வேண்டும். 2019-லிருந்து தென்னாப்பிரிக்காவின் நாமக்குவாலாந்து பகுதியில் இந்தச் செடிகளைச் சாக்குச் சாக்காகப் பிடுங்கிக் கடத்துகிறார்கள். குறிப்பாகக் கோனோஃபைட்டம். அதிகாரிகள் பறிமுதல் செய்த சதைப்பற்றுச் செடிகள் மட்டுமே பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டன. ஒரே ஒரு குன்றில் மட்டும் வாழும் இனங்கள் இவற்றில் நிறைய இருக்கின்றன. ஒரு கும்பல் ஒரு நாள் வந்து போனால் அந்த இனத்தின் கதை முடிந்தது. பிடுங்கிய செடியைத் திரும்ப நட்டாலும் பெரும்பாலும் பிழைப்பதில்லை. விலைப்பட்டியலில் பல தலைகளோடு, வடுக்களோடு, ஆணிவேர் வெட்டப்பட்டு, ஒன்றைப் போல ஒன்று இல்லாமல் இருக்கும் பெரிய கொத்துகளைப் பார்த்தால் தள்ளி நில்லுங்கள். விதையில் வளர்ந்தவை ஒரே வயதில், ஏறக்குறைய ஒரே அளவில், தழும்பில்லாமல் இருக்கும். விற்பவரிடம் ‘விதையிலிருந்து வளர்த்ததா, எந்த வருடம் விதைத்தது’ என்று கேளுங்கள். வளர்த்தவர் மகிழ்ச்சியோடு சொல்வார். வெளிநாட்டிலிருந்து செடியோ விதையோ வரவழைப்பதாக இருந்தால் இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். சுங்கத்தில் மாட்டிக்கொண்டால் செடி அழிக்கப்படும்.

நீலம், ஊதா, வானவில் என்று இணையத்தில் விற்கும் லித்தாப்ஸ் விதைகளை வாங்காதீர்கள். லித்தாப்ஸில் நீல நிறம் கிடையாது. அந்தப் பொட்டலத்தில் என்ன முளைக்கும் என்பது விற்றவருக்கே தெரியாது.

உண்மையான சேகரிப்பு விதையில்தான் தொடங்குகிறது என்று நான் நம்புகிறேன். செலவும் குறைவு. நூறு விதையின் விலை, பெரும்பாலும் ஒரு வளர்ந்த செடியின் விலைகூட வராது. நம் ஊரில் நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுவரை விதைக்கலாம், இரவு குளிர்ந்திருக்கும் காலம். நான் சொன்ன கலவையையே இன்னும் பொடியாகச் சலித்து, வெந்நீர் ஊற்றி ஆறவிட்டு, விதையை மேலே தூவுங்கள். பொடி மணல் போல இருக்கும். தும்மினால் பறந்துவிடும், அதனால் கொஞ்சம் காய்ந்த மணலோடு கலந்து தூவுவது வசதி. மேலே மண் போட்டு மூட வேண்டாம், பொடிக் கற்களை லேசாகத் தூவினால் போதும். அடியிலிருந்து தண்ணீர் உறிஞ்சவிட்டு, மேலே கண்ணாடியோ பாலித்தீனோ மூடி, வெளிச்சமான நிழலில் வையுங்கள். ஐந்து நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் கடுகைவிடச் சின்னதாக, நடுவில் கீறலோடு பச்சை உருண்டைகள் எழும்பும். முதல் இலையில் எந்தக் கல்லும் தெரியாது. இரண்டாவது ஜோடி வரும்போதுதான் முகம் வரும்.

முளைத்த ஒரு வாரத்தில் மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்க வேண்டும். இல்லாவிட்டால் நாற்று அழுகல் நோய் வந்து ஒரே இரவில் பாதித் தட்டு படுத்துவிடும். பெரிய செடிக்குச் சொன்ன தண்ணீர் நிறுத்தம் இந்தக் குழந்தைகளுக்குப் பொருந்தாது. முதல் வருடம் முழுவதும், கடும் கோடையில்கூட, மண் முழுசாகக் காயவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பாதி பிழைத்தால் நல்ல கை. அப்படிப் பிழைத்தவை நம் வீட்டு வெயிலையும் புழுக்கத்தையும் முளையிலிருந்தே அறிந்தவை. வாங்கிய செடி தடுமாறுகிற மே மாதத்தில் இவை நிதானமாக நிற்கும். மூன்றாம் வருடம் பூக்கும்.

பூ மஞ்சள் அல்லது வெள்ளை, அரிதாக ஆரஞ்சு. சாமந்தி போன்ற மெல்லிய இதழ்கள், சில சமயம் செடியையே மறைத்துவிடும். பிற்பகல் மூன்று மணி வாக்கில் வெயில் இருந்தால்தான் விரியும். பொழுது சாய்ந்ததும் மூடிக்கொள்ளும். அலுவலகம் போகிறவர்கள் ஒரு பூவைக்கூட விரிந்து பார்க்காமல் வருடம் போய்விடும், அதனால் அந்த வாரத்தில் ஒரு நாள் விடுப்பு எடுப்பது என் வழக்கம். ஒரு செடி தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. வெவ்வேறு விதையில் முளைத்த இரண்டு செடி, ஒரே இனம், முடிந்தால் ஒரே கோல் எண், ஒரே சமயத்தில் பூத்திருக்க வேண்டும். சின்னத் தூரிகையால் மாற்றி மாற்றித் தடவிவிடுங்கள். இதனால்தான் எதை வாங்கினாலும் ஒன்றாக வாங்காமல் மூன்று நான்காக வாங்கச் சொல்கிறேன்.

காய் முற்ற எட்டு மாதம்கூட ஆகும். காய்ந்து மரக்கட்டை போல ஆன காயைப் பறித்து உள்ளங்கையில் வைத்து, மேலே ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். கண் முன்னால், ஒரு நிமிடத்துக்குள், ஐந்தாறு இதழ்கள் மெல்லப் பின்னால் மடிந்து நட்சத்திரமாக விரியும். அறைகளுக்குள் விதை தெரியும். காய்ந்தால் திரும்ப மூடிக்கொள்ளும். மழை வந்தால் மட்டும் திறந்து, விழும் துளியின் மோதலில் விதையைத் தெறிக்கவிடும் ஏற்பாடு அது. ஒரே மழையில் எல்லாவற்றையும் கொடுத்துவிடாது, கொஞ்சத்தை அடுத்த மழைக்கு வைத்துக்கொள்ளும். நீங்கள் விதை எடுக்க, திறந்த காயை ஒரு சின்னக் கண்ணாடிக் கிண்ணத்துத் தண்ணீரில் போட்டுத் தூரிகையால் கிளறினால் விதைகள் அடியில் தங்கும். மெல்லிய துணியில் வடிகட்டி, நிழலில் உலர்த்தி, பெயர் எழுதிய காகித உறையில் போட்டு வையுங்கள். பல வருடம் முளைக்கும் திறன் இருக்கும்.

இப்போதைக்கு அந்த மூன்று செடியையும் தண்ணீர் படாத இடத்துக்கு நகர்த்துங்கள். ஆடி பிறந்து, பழைய இலை சருகானதும் மேலிருந்து நேராக, நல்ல வெளிச்சத்தில் ஒவ்வொன்றையும் படமெடுத்து அனுப்புங்கள். முகத்தின் ஜன்னலையும் கோட்டையும் பார்த்து என்ன இனம் என்று சொல்ல முயல்கிறேன். லெஸ்லியையாக இருந்தால் அதற்கு ஜோடி சேர என்னிடம் நாற்றுகள் இருக்கின்றன.